கரைத்த உப்பு எங்கே போகும்?

ராஜஸ்தானில் ஹனுமான்கர், பிகானேர் பக்கம் பூமிக்கடியில் பொட்டாஷ் இருக்கிறது. பொட்டாஷ் உரத்துக்கு நம் நாடு வெளிநாட்டுக் கப்பலைத்தான் எதிர்பார்த்திருக்கிறது. ஆகவே அதை வெளியே எடுக்க முடியுமா என்று ஆராய மத்திய, மாநில நிறுவனங்கள் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆட்களை இறக்கித் தோண்டும் சுரங்கம் அல்ல இது. குழாய் இறக்கி, தண்ணீரை உள்ளே செலுத்தி, கரைந்து வரும் உப்புநீரை மேலே எடுத்து, அதிலிருந்து பொட்டாஷைப் பிரிக்கும் முறை.

பொட்டாஷ் தனியாக இருப்பதில்லை. நாம் சமையலுக்குப் போடும் உப்பும் கூடவே கலந்திருக்கும். ஒரு டன் உப்பைக் கரைக்க ஏறக்குறைய 3 டன் தண்ணீர் வேண்டும். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும், மிஞ்சும் உப்பு எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளும் அங்கேயே எழுந்துவிடுகின்றன.

இந்தக் கேள்விகளுக்குப் பிரான்சின் கிழக்குப் பகுதியில் பழைய பதில் ஒன்று உண்டு. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு பாகூர் ஏரி எத்தனை ஊருக்குப் பாய்கிறது என்று தெரியாது. மெர்த் ஆறு மொசெலில் கலக்கிறது, மொசெல் கோப்லென்ஸில் ரைனோடு சேர்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். லொரேனின் உப்பும் அல்சாஸின் பொட்டாஷும் நாட்டின் செல்வம் என்று பாடத்தில் இருந்தது. அந்த உப்பு ஆற்றில் இறங்கும் கதை பாடத்தில் இல்லை. அதைப் பிற்பாடு நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் லொரேன். நான்சி நகருக்குப் பக்கத்தில் தொம்பால் என்ற ஊரில், மெர்த் ஆற்றங்கரையில், 1873-இல் சால்வே நிறுவனத்தின் சோடா ஆலை எழுந்தது. நிலத்தடி உப்பைத் தண்ணீரால் கரைத்தெடுத்து, சுண்ணாம்புக் கல்லோடு சேர்த்துச் சலவைச் சோடா செய்தார்கள். கண்ணாடிக்கும் சோப்புக்கும் அது தேவை. கணக்கு என்னவென்றால், ஒரு டன் சோடா செய்தால் ஏறக்குறைய ஒரு டன் கால்சியம் குளோரைடு மிஞ்சும். அதுவும் ஒரு வகை உப்புத்தான். அது ஆற்றுக்குப் போயிற்று. கழிவுநீரைக் கரையோரக் குளங்களில் தேக்கி, ஆற்றின் ஓட்டத்தைப் பார்த்து அளவாகத் திறந்துவிடும் ஏற்பாடு பின்னால் வந்தது. நான்சி நகரம் இருப்பது மெர்த் கரையில். அதன் குடிநீர் வருவதோ, மெர்த் வந்து கலக்கும் இடத்துக்கு மேலே ஓடும் மொசெலிலிருந்து.

அடுத்தது அல்சாஸ். முலூஸ் நகருக்கு அருகே 1904-இல் பொட்டாஷ் கண்டுபிடித்தார்கள். அங்கே தோண்டித்தான் எடுத்தார்கள், கரைத்து அல்ல. ஆனால் கூட வந்த உப்புக் கழிவை ரைன் ஆற்றில் விட்டார்கள். கீழே நெதர்லாந்தில் அந்த ஆற்றுநீரைத்தான் தோட்டப் பயிருக்குப் பாய்ச்சுகிறார்கள். ரோட்டர்டாம் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருந்தவர்கள் பிரெஞ்சுச் சுரங்க நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 'கழிவு விட்ட ஊரில் மட்டுமல்ல, சேதம் நேர்ந்த ஊரிலும் வழக்குத் தொடுக்கலாம்' என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1976 நவம்பர் 30-இல் தீர்ப்பளித்தது.

மூன்று நாள் கழித்து பான் நகரில் ரைன் கரை நாடுகள் ஒப்பந்தம் கையெழுத்திட்டன. விநாடிக்கு 60 கிலோ குளோரைடைக் குறைக்க வேண்டும். முதல் கட்டமாக 20 கிலோவை அல்சாஸ் மண்ணுக்கடியில் செலுத்த வேண்டும். செலவில் நெதர்லாந்து 34 விழுக்காடு, பிரான்சும் ஜெர்மனியும் தலா 30, சுவிட்சர்லாந்து 6. கழிவை விட்டவரைவிட அதை வாங்கிக்கொண்டவருக்குப் பங்கு கூடுதல்! அல்சாஸ் மக்கள், 'எங்கள் நிலத்தடி நீர் கெட்டுவிடும்' என்று எதிர்த்து நின்றார்கள். 1979 டிசம்பரில் பிரெஞ்சு அரசு ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றாமல் நிறுத்திவைத்தது. நெதர்லாந்து பாரிஸிலிருந்த தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1985-இல். பொட்டாஷ் எடுப்பது 2002-இல் நின்றது.

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுரங்கத் தொழிலாளிக்குச் சம்பளம் வேண்டும், உழவனுக்கு உரம் வேண்டும், தோட்டக்காரனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உப்பைப் பற்றிய பேச்சை எழுபது ஆண்டு தள்ளிப்போட்டதுதான் எல்லோரையும் சண்டையில் இழுத்துவிட்டது.

ராஜஸ்தானுக்கு வருவோம். ரைன் ஆறாவது உப்பைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஹனுமான்கர் வழியே மழைக்காலத்தில் ஓடும் கக்கர் ஆறு கடலைப் பார்ப்பதே இல்லை, பாலைவனத்தில் வற்றிவிடுகிறது. அங்கே விட்ட உப்பு அங்கேயே கிடக்கும். கால்வாய்ப் பாசனத்தால் அந்தப் பக்கத்து வயல்கள் சில ஏற்கெனவே நீர் தேங்கி உவர் பூத்துக் கிடக்கின்றன. கரைக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் இந்திரா காந்தி கால்வாயைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அது சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகேயிலிருந்து வரும் உழவர்களின் தண்ணீர்.

பொட்டாஷ் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எத்தனை டன் தண்ணீர், யாருடைய பங்கிலிருந்து, எத்தனை டன் உப்பு, எந்த இடத்தில், கெட்டுப்போனால் செலவு யார் தலையில் — இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் அனுமதிக் கோப்பு மேசையை விட்டு நகரக் கூடாது. உப்பேறிய கிணறு என்றால் என்ன என்று கடலோரத்தில் இருக்கும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் வாசகர்களில் பலருக்கு முலூஸ், நான்சி பக்கம் உறவினர் இருக்கலாம். அங்கே குழாய்த் தண்ணீரையும் ஆற்றையும் பற்றி இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.