"மிஸ்" என்று நாம் அழைத்த தாய்மார்

நமது பாடசாலையில் ஆசிரியைகளை இன்றும் "மிஸ்" என்றுதான் அழைக்கிறார்கள். மணமானவரானாலும் பேரப்பிள்ளை கண்டவரானாலும் மிஸ்தான். மணமாகாத பெண்ணைக் குறிக்கும் இச்சொல் மலையகத்துப் பெண்கள் பாடசாலைகளில் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. ஆரம்ப காலத்தில் இங்கு ஆங்கிலம் கற்பித்தவர்களிற் பலர் கன்னியாஸ்திரீகள் அல்லது மணமாகாத மிஷனரிப் பெண்கள். அவர்கள் பிறந்த நாட்டின் வழக்கமும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. இங்கிலாந்தில் பல உள்ளூராட்சிச் சபைகள் திருமணம் செய்த ஆசிரியையை வேலையிலிருந்து விலக்கின. 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டமே அத்தடையை நீக்கியது.

திருமணத் தடை நீங்கிய பின்னரும் கர்ப்பிணி ஆசிரியை வகுப்பில் நிற்பது எளிதாகிவிடவில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், பிரசவத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே ஆசிரியை சம்பளமின்றி விலகிவிட வேண்டும் என்ற விதி இருந்தது. ஜோ கரோல் லாஃப்ளோர் என்ற ஆசிரியை அதனை எதிர்த்து வழக்காடினார். 1974 ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்விதி செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் கர்ப்பிணியைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற எண்ணமும் அத்தகைய விதிகளுக்குப் பின்னால் இருந்தது என்பது அவ்வழக்கில் வெளிவந்தது.

நமது வகுப்பறை யன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலை மலையில் கதை வேறு. அங்கே பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் கூடை சுமந்து கொழுந்து பறித்தார்கள். அது பார்வைக்கு அழகில்லை என்று எந்தத் துரையும் சொன்னதாகத் தெரியவில்லை. அவர்களுடைய கை தோட்டத்துக்குத் தேவைப்பட்டது. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், தோட்டப் பெண்களையும் உள்ளடக்கிப் பிரசவ காலத்துக்கு ஓய்வும் கொடுப்பனவும் வழங்கியது. அந்த ஓய்வு முடிந்ததும் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மறுபடியும் பிரட்டுக்குப் போவார்கள். நம்மிற் பலர் அந்தப் பிள்ளைக்காம்பராவில் தவழ்ந்தவர்களே.

1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. எண்பதுகளில் மலையக இளைஞரும் யுவதிகளும் ஆசிரியர்களாக நியமனம் பெறலாயினர். லயத்தில் பிறந்த பெண் சேலை உடுத்திக் கையில் சோக்குடன் வகுப்புக்கு வந்தாள். அவளுக்குக் கணவன், மாமியார், பிள்ளை எல்லாம் இருந்தனர். கர்ப்பிணி ஆசிரியை என்பவர் நமது பாடசாலைக்கு வழமையானவரானது அவ்வாறுதான்.

நாங்கள் 1994 டிசம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய வகுப்பு. எங்கள் ஆங்கில மிஸ் அத்தகைய ஒருவர். அவர் ஒக்டோபரில் தாயாகவிருந்தார். காலை பஸ்ஸில் நின்றபடியே வந்து, மழையில் வழுக்கும் படிகளைச் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவார். நாங்கள் முறைவைத்து அவருடைய பையைத் தூக்குவோம். எதிர்காலத்தைக் குறிக்கும் வாக்கியம் ஒன்று சொல்லும்படி ஒருநாள் கேட்டபோது, பின்வாங்கிலிருந்து ஒருத்தி எழுந்து, "மிஸ் வில் ஹேவ் எ பேபி இன் ஒக்டோபர்" என்றாள். வகுப்பே மூச்சடக்கியது. மிஸ் சிரித்துவிட்டு அதைக் கரும்பலகையில் எழுதி, இலக்கணம் சரி என்றார்.

ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. வயதுக்கு வந்த பிள்ளைகள் முன்னால் இந்தக் கோலத்தில் நிற்பது அழகல்ல, முன்கூட்டியே லீவு போகட்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர் எழுந்தார். "ஏழு மாசத்துல நான் மலையில நின்னேங்க. இந்தப் புள்ளதான் வயித்துல இருந்தா. டீச்சரம்மா கூரைக்குக் கீழ நின்னு பாடஞ் சொல்லிக் குடுக்குறதுல என்னாங்க அழகு கொறைஞ்சு போகுது?" என்றார். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை.

செப்டெம்பர் இறுதியில் மிஸ் லீவில் போனார். எங்களுக்கு இருந்த ஆங்கில ஆசிரியை அவர் ஒருவரே. பதில் ஆசிரியை வரவில்லை. போவதற்கு முன் அவர் ஒரு கொப்பியை எங்களிடம் தந்தார். பரீட்சை வரையான ஒவ்வொரு வாரத்துக்கும் என்ன வாசிப்பது, எந்தக் கடிதம் எழுதுவது, எந்தப் பயிற்சியைச் செய்வது என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். உயர்தர வகுப்பு அக்கா ஒருவர் மாலையில் எங்களோடு உட்கார்ந்தார். எங்களிற் சிலர் சித்தியடைந்தோம். சிலர் தவறினார்கள். அதற்காக மிஸ் நெடுங்காலம் வருந்தினார். வருந்த வேண்டியவர் அவரல்லர் என்பது, நான் தாயான பிறகுதான் எனக்கு விளங்கியது.

இன்று விதிகள் தெளிவாக உள்ளன. 2005 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை அரச சேவைப் பெண்களுக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்களும், விரும்பினால் அரைச் சம்பளத்துடன் மேலும் 84 நாட்களும், சம்பளமின்றி இன்னும் 84 நாட்களும் விடுமுறை தருகிறது. கொழுந்தெடுக்கும் தாய்க்கோ மூன்றாவது பிள்ளை முதல் 42 நாட்களே என்றிருந்தது. 2018 ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கி எல்லாப் பிரசவங்களுக்கும் 84 நாட்கள் என்றாக்கியது. லயத்துத் தாயும் வகுப்பறைத் தாயும் சட்டத்தில் சற்று நெருங்கி வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஆங்கில ஆசிரியை ஒருவர் மட்டுமே உள்ள பாடசாலையில், அவர் தமக்குரிய லீவை எடுத்தால் பிள்ளைகளின் பாடம் நிற்கிறது. ஆசிரியையின் உரிமையையும் மாணவியின் பரீட்சையையும் எதிரெதிரே நிறுத்துவது நியாயமல்ல. உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவியரே, நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை, பிரசவ லீவுக் காலங்களில் பதில் ஆங்கில ஆசிரியை ஒருவரை அமர்த்துவதற்கென ஒதுக்குவோம். ஆங்கிலம் கற்றுக் கரைசேர்ந்த நம்மிற் சிலர், அந்நாட்களில் இணையவழியாக வாரம் ஒரு பாடமேனும் நடத்தலாம்.

மிஸ்ஸின் அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. நூற்றாண்டுக் கண்காட்சிக்கு அதை அனுப்பிவைக்கிறேன். கடைசிப் பக்கத்தில், குழந்தை பிறந்ததும் வந்து பார்க்கும்படி அவர் எழுதியிருக்கிறார். நாங்கள் போனோம்.