வானம் தோண்டும்போதே...

'வானம்' என்ற சொல்லுக்கு ஆகாயம் என்ற பொருளோடு இன்னொரு பொருளும் தமிழில் உண்டு. கட்டடத்தின் கடைக்காலுக்காகத் தோண்டும் பள்ளத்துக்கும் வானம் என்றே பெயர். 'நல்ல நாள் பார்த்து வானம் தோண்டினோம்' என்று பெரியவர்கள் சொல்ல நம்மில் பலரும் கேட்டிருப்போம். மேலிருக்கும் வானத்திலிருந்து வருவதைத் தடுக்கும் வேலை கீழே தோண்டும் வானத்திலேயே தொடங்குகிறது. இதை நாங்கள் உணர்ந்தது ஒசூரில், ஒரு தகரக் கொட்டகையின் வாசலில் நின்றபோது.

ஒசூர் என்பது கன்னடத்தில் 'புது ஊர்'. பெயருக்கு ஏற்ப அதன் தொழில் வரலாறும் புதியதே. 1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றியது. அந்தப் பத்தாண்டிலேயே கர்நாடக எல்லையை ஒட்டிய இந்த மேட்டு நிலத்தில் தொழிற்பேட்டை உருவானது. 1980இல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 சாலைக்கு வந்தது. அசோக் லேலண்டு ஆலையும் பிறகு டைட்டன் கடிகார ஆலையும் வந்தன. பெரிய ஆலை ஒன்று வந்தால் அதற்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் பத்து முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை இரும்புத் தூண் நட்டு, தகடு போர்த்திய கொட்டகைகளே.

அப்படி ஒரு பட்டறை எங்கள் நண்பருடையது. ஐப்பசி மழைநாள் ஒன்றில் போயிருந்தோம். கூரையில் ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. ஆனால் சுவரோரம் முழுதும் நீர் தேங்கி, கடைசல் முடித்து அடுக்கியிருந்த பாகங்களின் அடிவரிசை செம்மை ஏறிக் கிடந்தது. வாசலில் மணல் மூட்டைகள். தரையில் ஓடிய மின்கம்பியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளி, "மேலே ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் கீழேருந்துதான்" என்றார். ஒரு வாரத்து உழைப்பு துருவாகிக் கிடந்தது. ஈரத் தரையில் மின்சாரத்தோடு வேலை செய்யும் மனிதரின் உயிரும் அந்தக் கணக்கில் சேரும்.

ஏன் இப்படி நேர்கிறது? நெளிதகட்டின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

இலண்டன் துறைமுக நிறுவனத்தின் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பால்மர் 1829இல் நெளி இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தட்டையான தகடு தன் எடையிலேயே தொய்யும். அதே தகட்டை அலை அலையாக மடித்தால் நிமிர்ந்து நிற்கும். 1837இல் பிரான்சில் ஸ்தானிஸ்லாஸ் சொரேல் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு ஏற்றும் முறையைக் காப்புரிமைப்படுத்தினார். துருவுக்குத் தடை கிடைத்ததும், கப்பல் ஏறிக் காலனி நாடெங்கும் சென்றது தகரம். நாம் 'ஜிங்க் ஷீட்' என்று சொல்வதில் அந்தத் துத்தநாகத்தின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நெளிவுதான் அதன் வலிமை. கூரையில் அந்த நெளிவு மழைநீருக்கு வாய்க்கால். சுவரில் அதே நெளிவு, தகட்டின் அடிமுனையில் வரிசையாகச் சின்னஞ்சிறு வாயில்களைத் திறந்து வைக்கிறது. தகட்டைக் கொண்டுவந்து கான்கிரீட் தரையின்மேல் நிறுத்திவிட்டால், சுவரில் வழியும் நீர் தரைமட்டத்துக்கு வந்து அந்த வாயில்கள் வழியே உள்ளே நுழையும். நண்பரின் பட்டறையில் நடந்தது இதுவே. அங்கே முற்றமும் தரையும் ஒரே மட்டம். சரக்கு வண்டி தடையின்றி உள்ளே வரவேண்டும் என்பதற்காக அப்படிப் போட்டார்களாம்.

நம் பழைய கட்டடக்காரர்கள் இதைச் செய்திருக்க மாட்டார்கள். கோயில் விமானத்தின் அடியில் உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்காக அதிட்டானம் எழும்பும். அழகும் சிற்பநூல் விதியும் ஒருபுறம் இருக்க, சுவரின் பாதத்தை மண்ணிலிருந்து உயர்த்தி வைக்கும் பயனும் அதற்கு உண்டு. மேலே கபோதம் வெளியே வளைந்து நீண்டு, நீரைச் சுவரில் படாமல் தள்ளி விழச் செய்யும். எளிய வீட்டிலும் இதே அறிவுதான். திண்ணை தரையை உயர்த்தியது. இறவாரம் நீரைத் தள்ளியது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு கூரைப் பொருள் மாறியது. உயர்த்துவதும் தள்ளுவதும் மாறவில்லை. தகரக் கொட்டகையில்தான் இரண்டும் ஒருசேர மறந்துபோயின. தற்காலிகமானது என்று எண்ணியே எழுப்பியதால், அதற்குப் பாதம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

செய்யவேண்டியது பெரிய வித்தை அல்ல. கான்கிரீட் ஊற்றுமுன் தரையின் வெளிவிளிம்பில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் தாழ்ந்த ஒரு படியைப் பலகை கட்டி ஒதுக்கவேண்டும். சுவர்த்தகடு அந்தப் படியில் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். வழியும் நீர் உள்ளே வர ஒன்றரை அங்குலம் மேலே ஏறவேண்டும். நெளிவின் வாயில்களை அதே வடிவில் வெட்டிய நுரைப்பட்டைகளால் அடைக்கலாம். தரைக்கு அடியில் ஜல்லிப் படுகையும் அதன்மேல் பாலித்தீன் விரிப்பும் இட்டால் மண்ணின் ஈரம் மேலேறாது. கட்டடத்தைச் சுற்றி வெளிப்புறம் சரியும் கான்கிரீட் பட்டை ஒன்று வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பிரதானக் கட்டடத்தின் பீடம் சுற்றுத்தரையைவிட 450 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்கிறது. வண்டி ஏற ஒரு சாய்தளம் போதும்.

இவற்றில் பெரும்பகுதி கான்கிரீட் இறுகும் முன் முடியவேண்டியவை என்பதுதான் சிக்கல். அந்த ஒரு நாள் தவறினால், பிறகு ஆண்டுதோறும் பசையும் தாரும் பூசிக்கொண்டிருக்கவேண்டியதுதான். நண்பர் அதைத்தான் செய்துவருகிறார்.

கடைக்காலால் ஆகாததும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் இந்த மாவட்டத்தின் மேல் கவிந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. பேருந்து நிலையத்தருகே நின்ற வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அத்தகைய வெள்ளத்தை ஒன்றரை அங்குலப் படி தடுக்காது. அது மழைக்கான விடை. வெள்ளத்துக்கான விடை இடத்தேர்வில் இருக்கிறது. ஏரிகள் நிறைந்த மாவட்டம் இது. ஓர் ஏரி நிறைந்து வழியும் ஓடையில் கொட்டகை போட்டுவிட்டு நீரைக் குறை சொல்வதில் பொருளில்லை. வானம் எங்கே தோண்டுகிறோம் என்பதும் எப்படித் தோண்டுகிறோம் என்பதைப் போலவே பெரிய கேள்வி.

புறப்படும்போது நண்பர், பக்கத்து மனையில் இன்னொரு கொட்டகை போடப் போவதாகச் சொன்னார். மேஸ்திரியிடம் முதலில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டோம். தகட்டின் தடிமனையோ கூரையின் சரிவையோ அவர் சொல்லவில்லை. கீழே குனிந்து, சுவரும் தரையும் சேரும் இடத்தைக் காட்டினார்.

அடுத்தமுறை பெங்களூருக்குப் போகும் வழியில் ஒசூரின் கொட்டகைகளைக் காணும்போது நீங்களும் அந்த இடத்தைப் பாருங்கள். அதிட்டானத்தைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அங்கேயும் படிப்பதற்கு நிறைய இருக்கிறது.