நுளம்பு வலை போன வழி

இலங்கையின் வன்னியில், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நுளம்பு வலை இல்லாத வீடு அரிது. இருட்டினால் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, ஓரத்தைப் பாய்க்குக் கீழே செருகிவிட்டுத்தான் படுக்கை. மலேரியா உலுக்கிய மண்ணல்லவா! அந்த வலை மனிதரின் வயிற்றுச் சுவருக்குள்ளும் போயிருக்கிறது.

நெல்லு மூட்டை தூக்கி நிமிர்கிறவருக்குக் கவட்டில் எலுமிச்சங்காய் அளவில் ஒன்று புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். தசை நைந்த இடத்தால் குடல் எட்டிப் பார்ப்பதுதான் குடலிறக்கம். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம். புடைப்பு திரும்பிப் போகாமல் வலியும் வாந்தியும் வந்தால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

குடலிறக்கத்தை முறையாகத் தைக்க வழி கண்டவர் இத்தாலியின் எதுவார்தோ பசீனி, 1880களில். 1867இல் ரோமுக்கு அருகே போரிட்டபோது அவருடைய கவட்டிலேயே துப்பாக்கிமுனைக் கத்தி ஏறியிருந்தது! ஆனால், தசையை இழுத்துத் தைத்தால் சிலருக்குத் தையல் விட்டுப்போகும். கிழிந்த சாரத்துக்குப் போல ஒட்டுப்போட ஒரு துணி வேண்டியிருந்தது.

1951இல் அமெரிக்காவின் பிலிப்ஸ் பெற்றோலியம் நிறுவனத்தில் எரிபொருள் ஆராய்ச்சி செய்த ஹோகனும் பாங்க்ஸும், குழாயை அடைத்த வெள்ளைப் பிளாஸ்டிக்கைக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்த 'மார்லெக்ஸ்' முதலில் விலைபோகாமல் கிடங்கில் குவிந்தது. பிள்ளைகள் இடுப்பில் சுழற்றும் ஹூலா ஹூப் வளையம்தான் 1958இல் அதைக் காலிசெய்தது. அதே ஆண்டு பிரான்சிஸ் அஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மார்லெக்ஸ் நூல் வலையைக் குடலிறக்கத்துக்கு வைத்ததை வெளியிட்டார். 1980களில் லொஸ் ஏஞ்சலிஸின் லிக்டென்ஸ்டைன், தசையை இழுக்காமல் வலையை மேலே வைத்துத் தைப்பதைப் பரப்பினார். வலைக் கண்களுக்குள் உடலின் சொந்த இழையம் வளர்ந்து இறுகிவிடும்.

ஆனால், அந்த வலையின் விலைதான் ஏழைகளுக்கு எட்டவில்லை. இந்தக் கதையில் என் மனதில் நிற்பவர் மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சா என்ற சிற்றூர் டொக்டர், ரவீந்திரநாத் டோண்காவ்கர். சந்தையில் விற்கும் நுளம்பு வலைத் துணியை, பூச்சிமருந்து தோயாததாகப் பார்த்து எடுத்து, அளவாக வெட்டி, கிருமி நீக்கித் தன் நோயாளிகளுக்கு வைத்தார். 2003இல் பல மருத்துவமனைகளின் முடிவுகளோடு எழுதினார். ஆபிரிக்காவில் அதைப் பின்பற்றினார்கள். உகண்டாவில் 302 ஆண்களிடம் இரண்டு வலைகளையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குள் மலிவு வலை வைத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் குடலிறக்கம் திரும்பியது. விலைகூடிய வலையில் யாருக்குமில்லை.

அந்த முடிவு வெளியானது 2016 ஜனவரியில். செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. வன்னியில் வலை இன்னும் கட்டுகிறார்கள், நுளம்பு போகவில்லையே.