பிரிவு தண்டனையாக இருந்த காலம்

1952இல் அமெரிக்காவில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்றொரு மலிவுவிலை நாவல் வெளிவந்தது. கல்லூரி விடுதியில் இரண்டு மாணவிகளுக்கிடையே அரும்பும் காதல்தான் கதை. எழுதியவர் மரிஜேன் மீக்கர். அட்டையில் இருந்தது வின் பேக்கர் என்ற புனைபெயர். எழுதலாம், ஆனால் முடிவு மகிழ்ச்சியாக இருக்கக் கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இத்தகைய உறவை நல்லதாகக் காட்டும் புத்தகங்களை அஞ்சல் துறை ஆய்வாளர்கள் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்பது காரணம். எனவே கதையின் முடிவில் ஒருத்தி மனநோய் மருத்துவமனைக்குப் போகிறாள். மற்றவள், தான் அவளை நேசித்ததே இல்லை என்று 'தெளிவு' பெறுகிறாள். புத்தகம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

இதற்கு முன்னோடியும் உண்டு. ராட்கிளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' நாவலில் நாயகி தன் காதலியை ஓர் ஆணிடம் விட்டுக்கொடுக்கிறாள். அப்படிச் சோகமாக முடிந்தும் நாவல் தப்பவில்லை. 1928 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் அதன் பிரதிகளை அழிக்க உத்தரவிட்டது. காதலர்கள் துயரப்படுவது போதவில்லை. அவர்கள் குற்றவாளிகள் என்று நாவல் சொல்லியிருக்க வேண்டும் என்பதே நீதிபதியின் எதிர்பார்ப்பு. 1952இலேயே பாட்ரிசியா ஹைஸ்மித் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலை நம்பிக்கையோடு முடித்தார். அதற்கும் அவர் கிளேர் மார்கன் என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. தன் பெயரில் அதை வெளியிட 1990 வரை ஆனது.

இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, ரோசி தார் எழுதி 2023இல் வெளிவந்த 'ஸ்டெஃப்ஸ் ஸ்டோரி'யை வாசிக்க வேண்டும். அது 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' என்ற வீடியோ கேம் வரிசையிலிருந்து பிறந்த நாவல். 2015இல் வந்த முதல் கேமில், காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஆற்றல் பெற்ற மேக்ஸ் என்ற மாணவியாக நாம் விளையாடுகிறோம். கடைசியில் நம் முன் இரண்டு வழிகள்: தோழி குளோயியைச் சாகவிடுவது, அல்லது ஊரைப் புயலுக்குக் கொடுப்பது. காதலுக்கு விலையாக ஒரு பெண்ணின் உயிரையோ ஓர் ஊரையோ கேட்கும் இந்த முடிவில் பழைய பதிப்பாசிரியரின் குரல் கேட்கிறது என்று பலர் வருந்தியதில் நியாயமுண்டு. இப்போது மிரட்ட அஞ்சல் துறை இல்லை. கதைசொல்லும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது.

ஸ்டெஃப் அதே ஊர்க்காரி. நாவலில் அவள் சியாட்டில் நகரில் வாழ்கிறாள். இஸ்ஸி என்ற பெண்ணைச் சந்திக்கிறாள், நேசிக்கிறாள். இருவரும் சேர்ந்து 'டிரக்ஸ்டோர் மேக்கப்' என்ற இசைக்குழுவைத் தொடங்குகிறார்கள். ஸ்டெஃப் டிரம்ஸ் வாசிப்பவள். 2021இல் வந்த 'ட்ரூ கலர்ஸ்' கேமை விளையாடியவர்களுக்கு இந்தக் காதல் நிலைக்காது என்று முன்பே தெரியும். அங்கே ஸ்டெஃப் கொலராடோவின் ஒரு மலையூரில் தனியாக வானொலி நடத்துகிறாள். இஸ்ஸி அவளுடைய பழைய காதலி. ஆகவே பிரிவு வரும் என்று தெரிந்தேதான் நாவலைத் திறக்கிறோம்.

ஆனால் இது வேறு வகைப் பிரிவு. இங்கே யாரும் சாகவில்லை, யாருக்கும் பித்துப் பிடிக்கவில்லை, யாரும் ஓர் ஆணிடம் 'திருந்திப்' போகவில்லை. இரண்டு இளம்பெண்கள் நேசித்தார்கள், பிரிந்தார்கள், அவ்வளவுதான். கேமில் ஸ்டெஃபைக் காதலிப்பது விளையாடுபவரின் விருப்பம். வேண்டாமென்றால் அந்தக் காதல் நிகழாமலே போகலாம். நாவலில் அப்படித் தேர்ந்தெடுக்கும் பொத்தான் கிடையாது. யார் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவள் காதலித்தவள்தான்.

நம் அகமரபு பிரிவைப் பாலைத்திணையின் உரிப்பொருளாக வைத்தது. அங்கே பிரிவு காதலின் ஒரு பகுதி. குற்றத்துக்கான கூலி அல்ல. அந்த மரபும் அந்த இடத்தை ஆண்–பெண் இணைக்கு மட்டுமே தந்தது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கு மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்று கேட்டது தேவையான போராட்டம். அதோடு, எல்லோரையும்போல் காதலில் தோற்று, அழுது, மறுநாள் எழுந்து வேலைக்குப் போகும் உரிமையும் வேண்டும்.

தன் நாவலின் முடிவை நினைத்துக் கூசிய மீக்கர், நெடுங்காலம் அதன் மறுபதிப்புக்கு இணங்கவில்லை. 2004இல்தான் அது மீண்டும் அச்சேறியது. அவர் நாயகிகளுக்குக் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு வாழ்க்கை இல்லை. ஸ்டெஃபுக்கு இருக்கிறது: ஒரு புது ஊர், ஒரு வானொலி வேலை, இன்னொரு முறை நேசிப்பதற்கான வாய்ப்பு.