தூத்தூர் கடலோரக் கால்பந்தாட்டம்

தூத்தூர் கடலோரக் கால்பந்தாட்டம் என்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ள எட்டு மீனவர் ஊர்களில் வேரூன்றியுள்ள கால்பந்தாட்ட மரபைக் குறிக்கும். இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆகியன அவ்வூர்களாகும். தமிழ்நாட்டின் பெரும்பாலான சிற்றூர்களில் துடுப்பாட்டம் முதலிடம் பெற்றிருக்க, இங்கு கால்பந்தாட்டமே முதன்மை விளையாட்டாக விளங்குகிறது.

பின்னணி

இவ்வூர்கள் குழித்துறை ஆற்றின் கழிமுகத்திலிருந்து கேரள எல்லை வரை, ஏறத்தாழ 10 கி.மீ. நீளமுள்ள கடற்கரையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தெற்கே அரபிக்கடலும் வடக்கே ஏ.வி.எம். கால்வாயும் இருப்பதால் ஊர்கள் ஒடுங்கியவை, வீடுகள் நெருக்கமானவை. எனவே கடற்கரை மணலே சிறுவர்களின் முதல் ஆடுகளமாகும். மணலில் வெறுங்காலுடன் ஆடிப் பழகுவது கால் வலிமையையும் பந்தைக் கட்டுப்படுத்தும் திறனையும் வளர்க்கிறது.

1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. மாவட்டத்தின் பிற கடலோரப் பங்குகள் கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தூத்தூர் மறைவட்டமோ திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் கீழ் உள்ளது. இதனால் கேரளத்தின் கால்பந்தாட்டச் சூழலுடன் இவ்வூர்களுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. எல்லைக்கு அப்பால் நீரோடியை அடுத்துள்ள பொழியூரும் மீனவர் ஊரே. கேரள அணிக்குப் பல ஆட்டக்காரர்களை அளித்ததால் அது 'சந்தோஷ் கோப்பைச் சிற்றூர்' என அழைக்கப்படுகிறது.

கழகங்களும் சுற்றுப்போட்டிகளும்

ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகங்கள் உள்ளன. தொழில்முறைக் கழகங்களைப் போல் இவற்றுக்கு உரிமையாளர்கள் இல்லை. ஊர் மக்களின் நன்கொடையும் இளைஞர்களின் உழைப்பும் இவற்றை நடத்துகின்றன. ஓர் ஊரின் அணி ஆடும்போது அவ்வூரே பார்வையாளராகத் திரள்வது வழக்கம். பதினொருவர் ஆட்டத்துடன், கேரளத்தில் 'செவன்ஸ்' எனப்படும் எழுவர் ஆட்டமும் ஆடப்படுகிறது. சிறிய களமே போதும் என்பதால் எழுவர் ஆட்டம் இடநெருக்கடி மிக்க ஊர்களுக்கு ஏற்றதாகும்.

ஆட்டக் காலத்தைக் கடலே தீர்மானிக்கிறது. இங்குள்ள மீனவர் சுறா, சூரை ஆகியவற்றைத் தேடிப் பல வாரங்கள் ஆழ்கடலில் தங்கி, ஆயிரங்கால் தூண்டில் கொண்டு மீன் பிடிப்பவர்கள். கொச்சி முதல் குசராத்து வரையுள்ள துறைமுகங்களிலிருந்தும் தொழிலுக்குச் செல்கின்றனர். ஆகவே அவர்கள் ஊர் திரும்பும் கிறித்துமசு, உயிர்த்த ஞாயிறு, ஊர்த் திருவிழா ஆகிய நாட்களும், மேற்குக் கடலில் சூன் 1 முதல் சூலை 31 வரை நிலவும் மீன்பிடித் தடைக்காலமும் சுற்றுப்போட்டிகளுக்கு உகந்தவையாகின்றன.

கால்பந்தாட்டமும் வேலைவாய்ப்பும்

கடல் தொழிலுக்கு மாற்றாக நிலையான வேலை பெறும் வழியாகவும் இவ்விளையாட்டு கருதப்படுகிறது. காவல்துறை, தொடருந்துத் துறை, வங்கிகள் முதலியன விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்டக்காரர்களைப் பணியமர்த்தி வந்தன. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசு வங்கியும் சென்னையில் இந்தியன் வங்கியும் புகழ்பெற்ற அணிகளைக் கொண்டிருந்தன. முன்னது 2017 ஏப்ரல் 1 அன்று பாரத அரசு வங்கியுடன் இணைக்கப்பட்டது. அலுவலக அணிகள் குறைந்து வரும் நிலையில், தொழில்முறைக் கழகங்களில் இடம் பெறுவது இன்றியமையாததாகி வருகிறது. ஆனால் அவ்விடங்கள் மிகச் சிலவே.

குறிப்பிடத்தக்க ஆட்டக்காரர்கள்

இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் (பிறப்பு: 1994) இப்பகுதியின் மிகவும் அறியப்பட்ட ஆட்டக்காரர். இடக்கால் ஆட்டக்காரரான இவர் சென்னை சிட்டி கழகத்துக்காக ஐ-லீக்கில் ஆடினார். 2018-19 பருவத்தில் ஜாம்ஷெட்பூர் கழகத்தின் வழியாக இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தார். 2019 சூனில் தாய்லாந்தில் நடைபெற்ற கிங்ஸ் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடினார். 2019-20 பருவத்தில் வாகை சூடிய ஏடிகே அணியில் இடம்பெற்றிருந்தார். 2020 நவம்பரில், அடுத்த பருவத்தின் தொடக்க ஆட்டத்திலேயே காயமுற்றதால் அப்பருவம் முழுவதையும் இழந்தார். இவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டி கழகத்துக்காக ஆடியவர்.

சிக்கல்கள்

கடல் அரிப்பால் மணற்பரப்பு சுருங்கி வருவது இம்மரபுக்கு முதன்மையான அச்சுறுத்தலாகும். அரிப்பைத் தடுக்கக் கருங்கல் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் அமைக்கப்பட்டுள்ளன. அவை வீடுகளைக் காத்தாலும், சுவர் எழுந்த இடங்களில் ஆடுவதற்கு மணல் எஞ்சுவதில்லை. மாவட்ட விளையாட்டரங்கம் நாகர்கோவிலில் இருப்பதால் நாள்தோறும் அங்கு சென்று பயில்வது கடினம். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயலில், ஆழ்கடலில் இருந்த இவ்வூர்களின் மீனவர் பலர் உயிரிழந்தனர். ஊர்க் கழகங்களின் ஆதரவாளர்களும் நன்கொடையாளர்களும் கடல் தொழிலாளர்களே என்பதால், கடலில் நேரும் இழப்பு ஆடுகளத்தையும் தாக்குகிறது.

இவற்றையும் பார்க்க

கன்னியாகுமரி மாவட்டம்
சந்தோஷ் கோப்பை
ஒக்கி புயல்