நிலத்தின் பெயரும் மதுவின் பெயரும்

'காஞ்சிபுரம் உடுத்தி வந்தாள்' என்று சொன்னால், ஊரையா உடுத்தினாள் என்று எவரும் வினவுவதில்லை. இடத்தின் பெயர் அவ்விடத்துப் பொருளுக்கு ஆகி வருதலை இடவாகுபெயர் என்று நம் இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். இவ்வழக்கு தமிழுக்கு மட்டுமே உரியதன்று. பிரான்சு நாட்டின் வடகிழக்கில் அமைந்த ஷாம்பேன் என்னும் நிலப்பகுதியின் பெயர், அங்கு உண்டாகும் நுரை பொங்கும் திராட்சை மதுவுக்கு ஆகி, பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் குடியேறியது. ஒரு சொல் தன் பரவலால் அடையும் பேற்றையும் அதனாலேயே நேரும் இழப்பையும் ஒருங்கே காட்டும் வரலாறு அது.

பெயரின் பிறப்பு

இலத்தீன் மொழியில் 'கம்புஸ்' என்பது வெளிநிலத்தைக் குறிக்கும். அதனடியாகப் பிறந்த 'கம்பானியா' பரந்த சமவெளி எனப் பொருள்படும். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரைச் சூழ்ந்த பகுதிக்கு இன்றும் அதுவே பெயர். பிரெஞ்சு மொழியிலோ, இலத்தீன் சொல்லின் முதலில் நின்ற ககரம் பல இடங்களில் ஷகரமாகத் திரிந்தது. பாடுதலைக் குறித்த 'கந்தாரே' என்பது 'ஷாந்தே' ஆனவாறே, கம்பானியாவும் 'ஷாம்பாஞ்' ஆயிற்று. நாம் வழங்கும் 'ஷாம்பேன்' ஆங்கில ஒலிப்பின் வழி வந்தது.

பிரெஞ்சில் நிலத்தைக் குறிக்கும்போது இச்சொல் பெண்பால். மதுவைக் குறிக்கும்போது ஆண்பால். 'ஷாம்பேன் நாட்டு மது' என்னும் தொடரில் மது என்னும் ஆண்பாற்சொல் தொக்கு நிற்க, அதன் பால் மட்டும் எஞ்சி நின்றது. சொல் மறைந்தும் அதன் இலக்கணம் மறையவில்லை என்பது எண்ணி மகிழத்தக்கது.

மொழிதோறும் குடியேற்றம்

குளிர் மிகுந்த அப்பகுதியில், பனிக்காலத்தில் மதுவின் நொதித்தல் தடைப்பட்டு நிற்கும். இளவேனிலில் மீண்டும் தொடங்கும். அப்போது பிறக்கும் வளி புட்டியினுள் அடைபட்டு நுரையாகிறது. ஓவில்லே மடத்தில் 1668ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய துறவி தொம் பெரிஞோன் இந்நுரையைக் கண்டுபிடித்தார் என்பது பரவலான நம்பிக்கை. ஆயினும், அவருடைய காலத்தில் நுரை ஒரு குறையாகவே கருதப்பட்டது. அதற்கு முன்னரே, 1662ஆம் ஆண்டில், மதுவில் சருக்கரை சேர்த்து நுரை பொங்கச் செய்யும் வழக்கத்தைக் கிறிஸ்தபர் மெரட் என்பார் இலண்டன் அறிவியற் கழகத்தில் எடுத்துரைத்திருந்தார். நிலக்கரி உலையில் உருக்கிய உறுதியான ஆங்கிலக் கண்ணாடிப் புட்டிகள் நுரையின் அழுத்தத்தைத் தாங்கின. 1728ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி, இம்மதுவைப் புட்டியிலேயே ஏற்றிச் செல்ல இசைவளித்தார். புட்டிகளோடு பெயரும் பயணப்பட்டது.

சென்ற இடமெல்லாம் அவ்விடத்து மொழியின் இயல்புக்கேற்ப அப்பெயர் உருமாறியது. செருமானியர் 'ஷம்பான்யர்' என்றனர். போலந்தினர் 'ஷம்பான்' என்றனர். துருக்கியர் 'ஷம்பான்யா' என்றனர். ஷகர ஒலி இல்லாத கிரேக்கத்தில் அது 'சம்பான்யா' ஆயிற்று. உருசியர் அதனை 'ஷம்பான்ஸ்கொயே' என்று பெயரடையாக்கினர். மதுவைக் குறிக்கும் உருசியச் சொல் அலிபாலாதலின் இப்பெயரடையும் அலிபால் ஈறு பெற்றது. பிரெஞ்சில் நிகழ்ந்தது போலவே இங்கும் மது தொக்கு நிற்கிறது. அங்கேரியரோ கடன் கொள்ளாமல், பொங்குதலைக் குறிக்கும் தம் வினைச்சொல்லிலிருந்து 'பெஷ்கோ' என்னும் பெயரை ஆக்கிக்கொண்டனர்.

பெயர் யாருக்குரியது?

பரவிய பெயர் பொதுவாகிவிடும் என்பது மொழியின் நியதி. எந்நாட்டு நுரைமதுவும் ஷாம்பேன் என்றே விற்கப்படலாயிற்று. இதனால் அந்நிலத்து உழவரின் உழைப்பு விலையிழக்கும் நிலை வந்தது. 1887ஆம் ஆண்டில் பிரான்சின் ஆன்ழே நகர மேல்முறையீட்டு மன்றம், ஷாம்பேன் பகுதியில் விளைந்து அங்கேயே ஆக்கப்பட்ட மதுவுக்கே அப்பெயர் உரியதென்று தீர்ப்பளித்தது. 1891ஆம் ஆண்டின் மாட்ரிட் உடன்படிக்கை, எப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது என்று முடிவு செய்யும் உரிமையை அந்தந்த நாட்டு நீதிமன்றங்களுக்கு விட்டது; ஆனால், திராட்சை மதுவின் இடப்பெயர்களுக்கு மட்டும் விலக்களித்தது.

ஷாம்பேன் பகுதிக்குள்ளேயே பூசல் எழுந்ததும் உண்டு. 1908ஆம் ஆண்டின் எல்லை வரையறை, பழைய ஷாம்பேனின் தலைநகராகிய த்ருவா அடங்கிய ஓப் மாவட்டத்தை விலக்கியது. தம் முன்னோரின் பெயரே தமக்கு மறுக்கப்பட்டதாக அம்மாவட்டத்து உழவர் கொதித்தெழுந்தனர். வெளியூர்த் திராட்சையைக் கொணர்ந்து கலக்கும் வணிகர்மீது மார்ன் மாவட்டத்து உழவரும் சினந்தெழுந்தனர். 1911ஆம் ஆண்டில் மதுக்கிடங்குகள் தீக்கிரையாயின, படை வரவழைக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டமே ஓப் மாவட்டத்துக்கு முழு உரிமையை மீட்டளித்தது. ஒரு பெயருக்காக ஊர் எரியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முதல் உலகப் போரில் தோற்ற செருமனி, 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கையால் பிறநாட்டு மதுவின் இடப்பெயர்களை மதிக்கும் கடப்பாட்டை ஏற்றது. அங்கு 'செக்ட்' என்னும் பெயர் ஏற்கெனவே வழக்கில் இருந்தது. சேக்சுபியரின் நாடகத்தில் பால்ஸ்டாப் வேடமேற்ற தெவ்ரியன் என்னும் பெர்லின் நடிகர், அந்நாடகத்தில் வரும் 'சேக்' என்னும் மதுவின் பெயரைச் சொல்லி மதுவிடுதியில் ஷாம்பேனை வருவித்தார் என்றும், அதனின்றே அப்பெயர் நிலைத்தது என்றும் கூறுவர். இசுபானிய நுரைமதுவை 'இசுபானிய ஷாம்பேன்' என்று விற்பது தகாதென 1960ஆம் ஆண்டில் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இசுபானியர் பின்னாளில் நிலவறையைக் குறிக்கும் 'காவா' என்னும் சொல்லையே தம் மதுவின் பெயராக்கினர். தடையும் புதுச்சொல்லுக்கு வழி வகுத்தது.

ஆயினும், நீதி எப்போதும் எளிதாய் அமைவதில்லை. சுவிட்சர்லாந்தில் ஷாம்பேன் என்ற பெயரிலேயே ஒரு சிற்றூர் உண்டு. நுரையில்லா வெண்மதுவை ஆக்கிய அவ்வூரார், 1999ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் ஏற்பட்ட உடன்படிக்கையால், தம் ஊர்ப்பெயரைத் தம் மதுவுக்கு இடும் உரிமையை 2004ஆம் ஆண்டு முதல் இழந்தனர். உருசியாவிலோ நிலைமை தலைகீழாயிற்று. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 'ஷம்பான்ஸ்கொயே' என்று உருசிய எழுத்தில் பொறிக்கும் உரிமை அந்நாட்டு மதுவுக்கே உரியது. ஷாம்பேன் மண்ணிலிருந்து வரும் புட்டியின் உருசியச் சீட்டில் 'நுரைமது' என்றே குறிக்க வேண்டும்!

ஷாம்பேன் உழவருக்கு அப்பெயர் காரணப்பெயர். அம்மண்ணே அதன் காரணம். அந்நிலத்தைக் காணாத தொலைநாட்டாருக்கு அது வெறும் இடுகுறிப்பெயர். இவ்விரண்டிற்கும் இடையில் நடந்ததே இந்நெடிய வழக்கு. சொல் மக்களின் நாவுக்குச் சொந்தம். அதற்குப் புகழ் சேர்த்த உழைப்போ மண்ணுக்குச் சொந்தம். ஆகுபெயரைக் கற்பிக்கும்போது, பெயர் ஆகிய பொருளோடு நின்றுவிடாமல், அது புறப்பட்ட இடத்தையும் நினைவூட்டுதல் நற்பணியாகும்.