ரீஃபண்ட் மோசடி

'உங்களுக்குப் பணம் திரும்பத் தர வேண்டியிருக்கிறது' என்று தொலைபேசியில் நம்பவைத்து, தொலையணுகல் மென்பொருள் வழியாகக் கணினிக்குள் நுழைந்து, வங்கிக் கணக்கில் தவறுதலாகக் கூடுதல் தொகை வரவாகிவிட்டதுபோல் காட்டி, அந்த 'மிகுதி'யைக் கேட்டு வாங்கும் ஏமாற்று முறை ரீஃபண்ட் மோசடி எனப்படுகிறது. 2008 வாக்கில் தலைதூக்கிய தொழில்நுட்ப உதவி மோசடியின் கிளை இது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் முதியவர்கள் இதில் அதிகம் சிக்கினர். அழைப்புகளில் பெரும்பகுதி கொல்கத்தா, டெல்லி, குருகிராம், அகமதாபாத் போன்ற இந்திய நகரங்களின் கால் சென்டர்களிலிருந்து சென்றது. பேராசையைத் தூண்டும் லாட்டரி மோசடியிலிருந்தும் பயமுறுத்தும் வரி மோசடியிலிருந்தும் இது ஒரு விதத்தில் வேறுபடுகிறது. அடுத்தவர் காசு நமக்கு வேண்டாம் என்று நினைப்பவர்தான் இதில் கடைசிவரை மாட்டிக்கொள்கிறார்.

முன்வரலாறு

இம்மோசடி இரண்டு பழைய சரடுகள் பின்னி உருவானது. ஒன்று, காசோலை மோசடி. பொருள் வாங்குபவர் விலையைவிடப் பெரிய தொகைக்குப் போலிக் காசோலை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வார். காசோலை போலி என்று வங்கி கண்டுபிடிப்பதற்குள் மிச்சம் கைமாறியிருக்கும். மற்றொன்று, வேறிடத்திலுள்ள கணினியை இருந்த இடத்திலிருந்தே இயக்கும் மென்பொருள். பெரும்பாலும் அலுவலகங்களில் புழங்கிவந்த இந்த வசதியை டீம்வியூவர் (2005) போன்றவை வீட்டுக் கணினி வரை கொண்டுவந்தன. எண் ஒன்றையும் கடவுச்சொல் ஒன்றையும் வாசித்துக் காட்டினால் போதும் என்ற எளிமை, உதவி செய்பவருக்கும் திருடுபவருக்கும் ஒன்றாகவே பயன்பட்டது.

2008–2012: 'மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்'

2010 ஜூலையில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் சார்லஸ் ஆர்தர் எழுதிய செய்தி, இந்தியக் கால் சென்டர்களிலிருந்து பிரிட்டிஷ் வீடுகளுக்குப் போன வைரஸ் எச்சரிக்கை அழைப்புகளைப் பரவலாக அறியச் செய்தது. 'ஸ்டீவ்', 'பீட்டர்' என்று ஆங்கிலப் பெயர் சொல்லிப் பேசுபவர், உங்கள் கணினி பிழைச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பார்.

சான்றாகக் காட்டப்பட்டவை எல்லாம் விண்டோஸுக்குள் இயல்பாகவே இருப்பவை. ஈவென்ட் வியூவர் என்ற பகுதியைத் திறக்கச் சொல்வார்கள். நலமாக ஓடும் கணினியிலும் அங்கே சிவப்புக் குறிகளும் மஞ்சள் முக்கோணங்களும் வரிசையாக நிற்கும். ஏதோ ஒரு சேவை தாமதமாகத் தொடங்கியது, அச்சுப்பொறி பதில் தரவில்லை என்பதைப் போன்ற அன்றாடக் குறிப்புகளே அவை. அறியாதவர் கண்ணுக்கு அவை வைரஸ் படையாகத் தெரிந்தன.

இதைவிட நுட்பமான தந்திரம் ஒன்றும் உண்டு. 'உங்கள் கணினியின் உரிம எண் எங்கள் கோப்பில் இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்று, 888டிசிஏ60 எனத் தொடங்கும் நீண்ட எண்ணைப் பேசுபவர் ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பார். கறுப்புக் கட்டளைத் திரையில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யச் சொல்வார். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி முடியும்போது, கடைசியில் அதே எண் நிற்கும். அழைத்தவர் உண்மையானவர்தான் என்ற முடிவுக்கு வர அது போதுமானதாக இருந்தது. அந்த எண் விண்டோஸ் கணினிகள் எல்லாவற்றிலும் ஒன்றேதான். கோப்புகளைச் சுருக்கி ஜிப் கோப்புறைக்குள் அனுப்பும் வசதிக்கு மைக்ரோசாஃப்ட் இட்ட உள்அடையாளம் அது. உலகம் முழுவதும் ஒரே சாவி எண்ணைச் சொல்லி ஒவ்வொரு வீட்டாரையும் தனித்தனியே வியக்கவைத்த இந்த உத்தியை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பது பதிவாகவில்லை.

மோசடி எங்கிருந்து கிளைத்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முறையாக இயங்கிய கணினி உதவி நிறுவனங்களின் விற்பனை நெருக்கடியே படிப்படியாக ஏமாற்றாக மாறியது என்பர் ஒரு சாரார். 2012 மார்ச்சில் ஆண்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட், தன் வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசி உதவி அளித்துவந்த குருகிராமின் ஐயோகி நிறுவனத்துடனான ஏற்பாட்டை நிறுத்திவைத்ததை இவர்கள் சுட்டுவர். தேவையற்ற சேவைகளை விற்க முயன்றார்கள் என்று பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் எழுதியதையடுத்து அந்த முடிவு எடுக்கப்பட்டது. தொடக்கம் முதலே திருட்டு நோக்கத்துடன் திறக்கப்பட்ட கால் சென்டர்களே பெரும்பாலானவை என்பது மறு சாராரின் கருத்து. இரண்டும் அருகருகே நடந்திருக்கக்கூடும்.

2012 அக்டோபரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து இயங்கிய கும்பல்கள்மீது ஆறு வழக்குகள் தொடுத்ததாக அறிவித்தது. இல்லாத வைரஸை நீக்குவதற்கு அவை 49 முதல் 450 டாலர் வரை வசூலித்திருந்தன.

ரீஃபண்டாக உருமாற்றம்

பணம் கட்டி ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியலே அடுத்த கட்டத்துக்கு முதலானது. 2013 வாக்கிலிருந்து பழைய வாடிக்கையாளர்களுக்கு மீண்டும் அழைப்பு போனது: 'சேவை திருப்தியாக இருந்ததா?' இல்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்கும். 'நிறுவனம் மூடப்படுகிறது, ஆகவே பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்பது இன்னொரு வடிவம். பின்னாளில் பட்டியலும் தேவைப்படவில்லை. ஆண்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டு 399 டாலர் பிடிக்கப்பட்டுவிட்டது என்பதுபோல ஒரு போலி ரசீது மின்னஞ்சலில் வரும். ரத்து செய்ய விரும்புபவர் அதிலுள்ள எண்ணைத் தாமாகவே அழைப்பார்.

கணினிக்குள் நுழைந்ததும் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். ஒரு 'ரீஃபண்ட் படிவம்' திரையில் தோன்றும். வாடிக்கையாளர் 200 என்று தட்டச்சு செய்வார். மறுமுனையில் இருப்பவர் அதே நொடியில் இரண்டு சுழியங்களைக் கூட்டிவிடுவார். படிவம் 20,000 என்று போய்ச்சேரும். இதற்கிடையே திரை சற்று நேரம் கறுப்பாகும். அந்த இடைவெளியில் வாடிக்கையாளரின் சேமிப்புக் கணக்கிலிருந்து அவருடைய நடப்புக் கணக்குக்கே பணம் மாற்றப்படும். அல்லது உலாவியில் தெரியும் இருப்புத் தொகையின் இலக்கங்கள் மட்டும் திருத்தப்படும். பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய இருப்பே தெரிந்துவிடும் என்பதால் விசைப்பலகையைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லப்படும்.

பிறகு குரல் மாறும். 'என்ன செய்துவிட்டீர்கள், என் வேலை போய்விடும், என் பிள்ளைகள்...' என்று மறுமுனை கெஞ்சும், சில வேளை அழும். உண்மையில் ஒரு காசும் வந்திருக்காது. தம் பணத்தையே அடுத்தவர் பணமென்று எண்ணி, அதைத் திருப்பிக் கொடுக்க முதியவர் கடைக்கு நடப்பார். அங்கே கிஃப்ட் கார்டுகள் வாங்கி, பின்புறத்தைச் சுரண்டி எண்களை ஃபோனில் வாசிப்பார். கடைக்காரர் கேட்டால் பேரப்பிள்ளைகளுக்குப் பரிசு என்று சொல்லும்படி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பெருந்தொகையானால் நோட்டுகளைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்துக் கூரியரில் அனுப்பச் சொல்வதும் உண்டு. பொட்டலம் போகும் முகவரி பெரும்பாலும் ஆளில்லாத வீடு. எடுத்துக்கொள்ளக் கூலியாள் ஒருவர் காத்திருப்பார்.

அழைப்பவருக்கு வாடிக்கையாளரின் விவரம் முன்பே தெரிந்திருந்தால் வேலை இன்னும் எளிது. பிரிட்டனின் டாக்டாக் இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை அழைத்தவர்கள் அவர்களின் கணக்கு எண்ணையே சொல்லி நஷ்டஈடு தருவதாகப் பேசினர். அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த விப்ரோவின் கொல்கத்தா ஊழியர்கள் மூவர் 2016 ஜனவரியில் கைதாயினர். 21,000 பேர் வரையிலானோரின் விவரங்களுக்குப் போதிய பாதுகாப்புத் தரவில்லை என்று 2017 ஆகஸ்டில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் டாக்டாக்குக்கு ஒரு லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச்சில், மோசடியைத் தடுக்க டீம்வியூவரையே தன் வலையமைப்பில் அந்நிறுவனம் தற்காலிகமாக முடக்கி, முறையான பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் தடையை விலக்கிக்கொண்டது.

ஆய்வும் அளவும்

2017இல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நஜ்மே மீராமிர்கானி, ஒலெக்சி ஸ்டாரோவ், நிக் நிகிஃபொராகிஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோளாகிறது. 60 தொழில்நுட்ப உதவி மோசடிக்காரர்களிடம் ஏமாறுபவர்போல் பேசி அவர்கள் தரவு திரட்டினர். பணம் கேட்கும்வரை சராசரியாக 17 நிமிடம் பேச்சு நீண்டது. கேட்கப்பட்ட தொகை சராசரியாக 290 டாலர்.

அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் இணையக்குற்றப் புகார் மையத்தில் தொழில்நுட்ப உதவி மோசடியால் இழந்ததாகப் பதிவான தொகை 2021இல் சுமார் 34.7 கோடி டாலர், 2023இல் 92 கோடிக்கும் மேல். ரீஃபண்ட் மோசடி இதில் தனித்துக் காட்டப்படுவதில்லை. வெட்கத்தால் புகார் கொடுக்காதவர்கள் பலர் என்பதால் உண்மை இழப்பு இதைவிட அதிகம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

எதிர்வினைகள்

மோசடிக்காரர்களின் நேரத்தை வீணடிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஒரு தனி மரபாக வளர்ந்தனர். இவர்களில் மிகவும் விரும்பப்படுபவர் உண்மையில் ஆளே அல்ல. 'லென்னி' என்பது தடுமாறிப் பேசும் ஒரு முதியவரின் 16 ஒலித்துணுக்குகள். மறுமுனை பேசி நிறுத்தியதும் அடுத்த துணுக்கு ஓடும். அவ்வளவுதான் அதன் அறிவு. மகளைப் பற்றிச் சொல்லும், காது கேட்கவில்லை என்னும், நடுவே வாத்துகள் கத்த எழுந்துபோய்விட்டு வந்து 'எங்கே விட்டோம்?' என்று கேட்கும். இத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே போனவர்களின் உரையாடல்கள் பதிவாகியுள்ளன. 2017இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதன் வெற்றியை உரையாடல் பகுப்பாய்வு முறையில் ஆராய்ந்தனர்.

ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் இயங்கும் வட அயர்லாந்துக்காரர், தம் கணினிக்குள் வந்தவர்களின் கணினிக்குள் எதிர்த்திசையில் நுழைபவர். குருகிராம் கால் சென்டர் ஒன்றின் கண்காணிப்புக் கேமராக் காட்சிகளை அவர் எடுத்துத்தர, பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி 2020 மார்ச்சில் ஒளிபரப்பியது. 2021 ஜூலையில் யூடியூப் உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவரை நம்பி, பிரவுனிங் தம் அலைவரிசையைத் தாமே நீக்கிவிட்டார். பின்னர் அது மீட்கப்பட்டது. யாரும் ஏமாறலாம் என்பதற்கு இந்த நிகழ்ச்சி உதாரணமாகக் காட்டப்படுகிறது. இத்தகைய தன்னார்வ ஊடுருவல் சட்டப்படி சரியா என்பதில் ஒத்த கருத்து இல்லை.

காவல்துறை நடவடிக்கைகளில் பரவலாக அறியப்பட்டது 2016 அக்டோபரில் மும்பையை அடுத்த மீரா ரோட்டில் தாணே காவல்துறை நடத்திய சோதனை. 700க்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டு, சுமார் 70 பேர் கைதாயினர். அது அமெரிக்க வருமான வரித்துறையின் பெயரில் நடந்த மிரட்டல் மோசடி என்றாலும், கிஃப்ட் கார்டு, கூலியாள் வலை, இரவு ஷிஃப்ட் என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது. 2022இலிருந்து 'ஆபரேஷன் சக்ரா' என்ற பெயரில் சிபிஐ பல கட்டச் சோதனைகள் நடத்தியது.

இந்தியாவுக்குள்

உள்நாட்டில் கணினியைவிடக் கைப்பேசியே களம். எனிடெஸ்க் என்ற தொலையணுகல் செயலியின் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி யுபிஐ வழியாகப் பணம் எடுப்பது குறித்து 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. 2022இல் 'இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழைக்கவும்' என்ற குறுஞ்செய்தி தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் பரவியது. அழைத்தவர்களிடம் இத்தகைய செயலியைப் பதிவிறக்கச் சொல்லி, பத்து ரூபாய் கட்டிச் சரிபார்க்கும்படி கேட்பார்கள். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ரீஃபண்ட் வரும் என்பது மற்றொரு வடிவம். ஆனால் அதற்குக் கேட்கப்படும் யுபிஐ பின் எண், பணம் பெறத் தேவையே இல்லை. இத்தகைய புகார்களுக்கான தேசிய உதவி எண் 1930.

இழப்புக்குப் பொறுப்பு

ஏமாந்தவருக்கு வங்கி பணம் தர வேண்டுமா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே உள்நாட்டில் அனுப்பிய வங்கிப் பரிமாற்றத் தொகையை 85,000 பவுண்டு வரை பெரும்பாலான நேர்வுகளில் வங்கிகள் திருப்பித் தர வேண்டும்; அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதைப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். கிஃப்ட் கார்டும் ரொக்கமும் இதில் அடங்கா. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ரகசிய விவரங்களைப் பகிர்தல் போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தகவல் தரும்வரை அவருடையதே. அதன் பிறகு நேர்வது வங்கியுடையது. முதல் சில நிமிடங்களுக்குள் புகார் செய்யும்படி வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.